அண்ணன் போட்ட மனு

கடனில் மூழ்கித் திவாலானவர்களைப் பற்றியே இருபத்தாறு வருடங்கள் ஆராய்ச்சி செய்தவர் அந்தப் பேராசிரியை. நீதிமன்றத்து ஆவண அறையில் திவால் மனுக்களைப் படிப்பார். பிறகு மனு போட்டவர்களின் வீடு தேடிப் போவார். பெற்ற பிள்ளைகளிடம்கூட மறைத்ததை எல்லாம் அவர்கள் முன்பின் தெரியாத இவரிடம் கொட்டித் தீர்ப்பார்கள். வீட்டுக்குத் திரும்பினால் இவருக்குத்தான் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. கூடப்பிறந்த அண்ணன் ஒருவர், மாதம் ஒருமுறை போனில் நலம் விசாரிப்பார். அவ்வளவுதான்.

ஒரு மதியம் பிரித்த மனுவில் அந்த அண்ணனின் கையெழுத்து இருந்தது. அவர் நடத்திவந்த கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மறுநாளே போனார். அண்ணன் ஒற்றை அறையில் தன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"உன் புஸ்தகமெல்லாம் படிச்சிருக்கேம்மா. எல்லாரையும் பத்தி நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா எனக்கு நீ தங்கச்சியா இருந்தாப் போதும். கேள்வி கேக்குற ஆளு வேணாம்."

பேராசிரியைக்கு எப்போது, எவ்வளவு, யாரிடம் என்ற கேள்விகள்தான் நாக்கு நுனிவரை வந்தன. எதையும் கேட்காமல் சட்டைகளை மடித்து வைத்தார்.

அந்த மனுவைத் தன் ஆய்வில் சேர்க்கவில்லை. இப்போது ஞாயிறுதோறும் போகிறார். கேள்விகளை விட்டால் அவருக்கு வேறு பேச்சு சரியாக வருவதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து வீடு திரும்புகிறார்.