பதிவிலுள்ள முகவரி

மணிமங்கலத்தில் தபால்காரர் தினமும் வருகிறார். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் கடைசி வருடம் எங்கள் வீடிருந்த குறுகிய ஒழுங்கைக்குத் தபால் வந்தால், அன்று சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் சைக்கிள் மணி கேட்டதும் நான் வாசலுக்கு ஓடுவதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா சிரிப்பார். அகதிக்கு யார் கடிதம் போடப்போகிறார்கள் என்ற சிரிப்பு அது.

நான் காத்திருந்தது எங்கள் சங்கத்தின் கடிதத்துக்கு. ஊரில் இருபது வருடம் நில அளவையாளனாக இருந்தேன். ஐரோப்பாவில் தலைமையகம் வைத்திருக்கும் அனைத்துலக அளவையாளர் சங்கத்தில் அங்கத்தவன். சான்றிதழ்களெல்லாம் நான் வேலை பார்த்த கந்தோரோடு எரிந்துபோயின. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் புதிதாக எழும் தொழிற்சாலைக்கு நிலம் அளக்க ஆள் தேடினார்கள். "உங்க சங்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, போதும்," என்றார் மானேஜர். இரண்டு மாதத் தவணை.

சங்கம் பதில் போட்டது. யுத்த நாட்டு அங்கத்தவர்களுக்குச் சந்தா தள்ளுபடி, பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும், மிகுந்த அனுதாபம். ஆனால் சான்றுக் கடிதம் பதிவிலுள்ள முகவரிக்குத்தான் போகும், மாற்ற வேண்டுமானால் இதோ படிவம். நான் மணிமங்கலத்தில் இல்லை என்று மணிமங்கலத்துக்கே எழுதியிருந்தார்கள்! எந்தப் பக்கமும் சாராத சங்கம் என்று அடியில் பெருமையாக ஒரு வரி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் வேறொரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். அவருக்கு இது விளங்கவே இல்லை.

"இன்னா சங்கம் சார் இது? எங்காளு ஒருத்தன உள்ள வுடலன்னா, யூனியன்ல அல்லாரும் கேட்டாண்ட குந்திக்குவோம். ஷிப்டே நின்னுடும்."

"அவை கடலுக்கு அங்கால இருக்கினம், அண்ணை."

"அப்ப எந்த கேட்டாண்ட குந்துவாங்க?"

நான் படிவத்தை எடுத்து விரித்தேன்.

அதில் பழைய யாழ்ப்பாண முகவரி தட்டச்சில் இருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதியதை எழுத வேண்டும். எங்கள் தொழிலில் அளவைக் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. பிழையான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, சரியானது அதற்கு மேலே. பழையதும் வாசிக்கத் தெரிய வேண்டும். அப்படித்தான் கோடு போட்டு, மேலே புதிய முகவரியை எழுதி அனுப்பினேன். தொழில் பழக்கம் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். பொய். என் வீட்டு இலக்கத்தின் மேல் மையைப் பூச மனம் வரவில்லை. அளவையாளர் சங்கத்துக்கு அளவையாளனின் கோடு விளங்காதா என்ற திமிரும் இருந்தது. அங்கே கடிதம் பிரிப்பவர் எந்தக் காலத்தில் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தார்!

கடிதம் வராமலே தவணை முடிந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த மாதம், ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு மலர் அக்கா படகேறி மண்டபம் முகாமுக்கு வந்திருப்பதாக அறிந்து போனேன். பையிலிருந்து உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த உறையொன்றை எடுத்துத் தந்தார்.

"உன்ர கதவுக்குக் கீழ கிடந்தது, தம்பி. வெளிநாட்டுக் கடிதமெல்லே, முக்கியமா இருக்குமெண்டு எடுத்தனான்."

"உங்கட சாமான்கள், அக்கா?"

"ஓடேக்க ஒண்டும் எடுக்கேலாமப் போச்சு."

"வீடு?"

"கதவு நிக்குது," என்றார். நான் உறையைப் பிரித்தேன்.

உள்ளே சங்கத்தின் சான்று. நான் குறையேதும் இல்லாத அங்கத்தவன் என்றும், கீழ்க்காணும் முகவரியில் வசிப்பவன் என்றும் எழுதி, நான் ஒற்றைக் கோடு போட்ட எங்கள் ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள்.

"வேலையே பூட்ச்சி, இத்த இன்னாத்துக்கு சார் வெச்சிகினு கீறீங்க?" என்று ஏகாம்பரம் கேட்கிறார். அந்த வீட்டில் நான் வசிக்கிறேன் என்று சொல்ல இந்தத் தாளை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? அந்த வேலைக்கு வந்த பையனுக்கு இப்போது நான்தான் சங்கிலி பிடிக்கிறேன். காலையில் புறப்படும்போது தபால்காரரின் மணி கேட்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு வருகிற கடிதங்கள் கடலுக்கு அப்பால் ஒரு கதவுக்குக் கீழே விழுந்துகொண்டிருக்கும்.