கிழக்கு பார்த்து நிற்கும் லாரி

லாரிக்குப் பாடி கட்டுகிற தொழிலில் லாரியால் ஒரு தொல்லையும் கிடையாது. நிறுத்திய இடத்தில் நிற்கும், எதிர்த்துப் பேசாது. தொல்லையெல்லாம் அதைக் கொண்டுவருகிறவர்களால்தான். தையல்காரர், தச்சர், தட்டார் என்று பிறர் மனத்தில் இருப்பதை நம் கையால் செய்து கொடுத்துப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சிங்கப்பூருக்கு வடக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஜாசின் என்ற சிற்றூரில் ஒரு தகரக் கொட்டகை போட்டு நானும் ஆ லிம் என்ற சீனத் தச்சரும் இந்தத் தொழிலை நடத்தினோம். ரப்பர் ஷீட் ஏற்றும் லாரி, பலசரக்கு லாரி, பஸ் என்று எத்தனையோ கட்டினோம். எல்லாம் மறந்துவிட்டது. முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பட்டாள லாரியை வீடாக்கிய பாடு மட்டும் மறக்கவில்லை.

வீடா, லாரியா?

புலாவ் செபாங் பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பென்ஷன் வாங்கும் நேரம். மாதக் கடைசிக்குள் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மனுஷன் வீடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு சிங்கப்பூர் போய், பட்டாளத்தார் ஏலம் விட்ட கிழட்டு லாரி ஒன்றை எடுத்துவிட்டார். பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையில் ஓடிய வண்டி என்று பெருமை வேறு. சக்கரத்தில் காற்றே கிடையாது, முழுக்கக் கெட்டி ரப்பர். கூலிக்கு அமர்த்திய டிரைவர் ஒருவன் ஓட்ட, அது ஜாசின் கடைத்தெருவில் வந்தபோது மிட்டாய் ஜாடிகள் எல்லாம் ஆடின.

"வாழ்நாள் முழுக்க மற்றவையளை ரெயில் ஏத்தி அனுப்பினன். இனி நான் ஊர் பாக்கப் போறன். இதை வீடாக்கித் தாரும்" என்றார்.

அவர் மனைவி அன்னம்மா பின்னால் வந்த வாடகைக் காரை விட்டு இறங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். யாரும் வந்து எழும்பு என்று சொல்ல முடியாத சொந்த வீடு ஒன்றுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தார். அந்த வீடு சக்கரத்தோடு வந்து நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கே பாவமாக இருந்தது. கார் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"வீடெண்டால் நான் வருவன், தம்பி. லொறியெண்டால் யாழ்ப்பாணத்திலை அண்ணை வீட்டை போயிடுவன். ரெண்டிலை எதைக் கட்டப்போறீர் எண்டு யோசிச்சுக் கட்டும்."

அக்கினி மூலை

ஆக, ஒரு குடும்பம் சேர்ந்திருப்பதும் பிரிவதும் என் சுத்தியலில் வந்து நின்றது. அன்னம்மா கேட்டதையெல்லாம் செய்வது என்று முடிவு செய்தேன். முதலில் கேட்டது அடுப்பு. தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும். அதற்கென்ன, கொட்டகையில் லாரி கிழக்கு பார்த்துத்தான் நின்றது. தென்கிழக்கு என்றால் ஓட்டுகிறவர் முதுகுக்கு நேர் பின்னால். அங்கே தகரம் அடித்து, மண் பூசி, அருமையான அடுப்பு போட்டேன். ஆ லிம் பலகையை இழைத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாஸ்டர் வண்டியை ஓட்டிப் பழகப் போனார், திரும்பி வந்தார், மேற்கு பார்த்து நிறுத்தினார். அன்னம்மா உள்ளே ஏறிப் பார்த்தார். அடுப்பு வடமேற்கில், வாயு மூலையில் இருந்தது. சுவரில் கட்டிய அடுப்பு இப்படி இடம் மாறியதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. நானும்தான். "அம்மா, லாரி திரும்புனா மூலையும் கூடவே திரும்பும்மா" என்று இழுத்தேன். மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அன்னம்மாதான் தீர்ப்புச் சொன்னார்:

"ஓடேக்கை அது லொறி. நிண்டாப் பிறகுதான் வீடு. எங்கை நிண்டாலும் கிழக்கைப் பாத்து நிக்கச் சொல்லும், இல்லாட்டி இவருக்குச் சோறில்லை."

வாசல்

அடுத்தது வாசல். கிழக்கு வாசல் வேண்டும் என்றார். கிழக்கில் இஞ்சின் இருக்கிறது. பின்பக்கம் வைத்தால் மேற்கு வாசல், அது ஆகாது. கடைசியில் இடது பக்கச் சுவரை அறுத்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வடக்கு வாசலாக முடித்தோம். தோட்டத்து வேலையில் பழகிய தமிழில் ஆ லிம் ஒன்றே ஒன்று சொன்னார்:

"அந்தம்மா இன்னும் ரெண்டு நாள் இங்க நின்னா, நாம இஞ்சின தூக்கி கூரை மேல வைக்கணும் லா."

பச்சைக் கொடி

மாஸ்டருக்கு வண்டி ஓட்ட வந்தது. கிளப்பத்தான் வரவில்லை. இஞ்சின் உறுமும், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். என்ன ஐயா என்று கேட்டால், "லைன் கிளியரோ?" என்பார். பின்னால் யாராவது பச்சைக் கொடி காட்டாமல் அவருக்குக் கால் அசையாது. இத்தனை வருஷப் பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் நான், பாடி கட்டுகிறவன், என் பெண்டாட்டியின் பச்சை ரவிக்கைத் துணியைக் குச்சியில் கட்டிக்கொண்டு ஜாசின் பாசார் ரோட்டில் நின்று ஆட்டினேன். லாரி ஓர் அடி நகர்ந்து நின்றது. நான் மறுபடி ஆட்டினேன். பின்னால் மாட்டுவண்டியோடு காத்திருந்த தோட்டத்துக் கங்காணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்:

"ஏம்ப்பா, இங்க தண்டவாளம் எப்பப் போட்டாங்க? எங்களுக்கு யாருமே சொல்லலியே."

மாடு புகுந்த வீடு

மாதக் கடைசி வந்தது. அன்று காலை குவார்ட்டர்ஸ் வாசலிலேயே கிரகப்பிரவேசம். லாரி கிழக்கு பார்த்து நிற்க வேண்டும் அல்லவா? அப்படி நிறுத்த அங்கே ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அது குவார்ட்டர்ஸ் கேட்டுக்குக் குறுக்கே. கேட்டுக்கு வெளியே புதிய ஸ்டேஷன் மாஸ்டர், சின்ன வயசுக்காரர், மனைவியோடும் டிரங்குப் பெட்டிகளோடும் நின்றார். உள்ளே போக வழியில்லை.

வீடென்றால் முதலில் பசு புக வேண்டும் என்று அன்னம்மா சொல்லியிருந்தார். தோட்டக் கூலிகளின் லயத்திலிருந்து ராக்கம்மாள் என்பவள் தன் பசுவைக் கொண்டுவந்தாள். பலகை மேல் ஏறி, வாசலில் புகுந்து, லட்சணமாக உள்ளே போயிற்று. புதுத் தரையில் சாணமும் போட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். பிறகுதான் தெரிந்தது, மாடு திரும்ப உள்ளே இடமில்லை. பின்னால் நடந்து இறங்கு என்று எந்த மாட்டிடம் சொல்வது? ராக்கம்மாள் கெஞ்சினாள், நான் வாலைப் பிடித்தேன், ஆ லிம் சீனத்தில் ஏதோ திட்டினார். கடைசியில் வாசலுக்கு எதிர்ப் பக்கச் சுவரை அப்படியே பெயர்த்து எடுத்தோம். மாடு அந்த வழியாக இறங்கி, ஒன்றும் நடக்காதது போல் புல் மேயப் போய்விட்டது.

குடிபுகும் முன்பே வீட்டுக்குச் சுவர் போயிற்று. மாஸ்டர் முகம் செத்துப்போனது. "அன்னம், விடும். கப்பலுக்குச் சீட்டு எடுக்கிறன். அண்ணை வீட்டை போவம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்னம்மா லாரிக்குள் ஏறினார். சாணத்தை வழித்துப் போட்டார். சுவரில்லாத பக்கம் ஊரே பார்க்க, அடுப்பைப் பற்ற வைத்துப் பால் சட்டியை ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்துப் புதிய ஸ்டேஷன் மாஸ்டர் கிட்டே வந்தார். நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் கேட்டார்: "அம்மா, குறை நினைக்கக்கூடாது. கொஞ்சம் எழும்பி வழி விட்டால் நாங்கள் சாமானை இறக்கலாம்." அன்னம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எழும்பு எண்டு சொன்ன நேரமெல்லாம் வீட்டை விட்டிட்டு எழும்பினனான், தம்பி. இண்டைக்கு வீட்டோடை போறன். பால் பொங்கட்டும், பொறும்."

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், லாரியை அளப்பதற்கு முன்னால் மாட்டை அளந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.