மேட்டில் நின்ற தேர்

மச்சான் வீட்டு வாசற்கதவு காற்றில் அறையாமல் இருக்க, அதன் அடியில் ஒரு பழைய முட்டுக்கட்டை கிடக்கும். ஒரு முனை சிதைந்து, தார் ஒட்டிக் கறுத்திருக்கும். மலேசியாவில், குளுவாங் பக்கத்து எங்கள் தோட்டக் கோயில் தேரின் சக்கரத்துக்கு அதைப் போட்டு வந்தவர் அவர்தான். என் மனைவியின் அண்ணன்.

கோயிலை விட்டதும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே பாதை நேராகச் சரிந்து இறங்கி, மறுபடி மேடேறும். இறக்கத்தில் தேரைப் பிடித்துப் பிடித்து விடுவது பின்வடத்துக்காரர்களின் வேலை. முன்னால் நின்றால் எல்லோரும் பார்ப்பார்களே என்று நான் எப்போதும் பின்வடம்தான். "மாப்ள, சாமி மொகத்த நீ பாத்ததே இல்லையே லா, முதுக மட்டும்தானே பாத்திருக்க" என்று மச்சான் கேலி செய்வார்.

ஒரு வருடம் இறக்கத்தின் தொடக்கத்திலேயே நேர்த்திக்கடன் தேங்காய்களை உடைத்திருந்தார்கள். நனைந்த பாதையில் மச்சான் போட்ட கட்டை பிடிக்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் வழுக்கி எகிறியது. மேலே நிற்கும்வரை சாதுவாக இருந்த கனமெல்லாம் இறங்க இறங்க வேகமாக மாறியது. வடம் எங்கள் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு போனது. முன்வடத்தில் பெண்கள், அவர்களோடு என் மனைவியும், மேளச் சத்தத்தில் ஒன்றும் அறியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வடத்த விடுங்க! ஓரமா ஓடுங்க!"

கத்தியது நான்தான் என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது. என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு செம்பனை ஓரம் போய் விழுந்தாள். மற்றவர்களும் சிதறினார்கள். ஆளில்லாத பாதையில் தேர் தனியாக ஓடி, பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறியது. இறக்கத்தில் சேர்த்த வேகத்தையெல்லாம் அந்த மேடு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. மெதுவாகி, ஒரு கணம் அப்படியே நின்றது. அது பின்னோக்கி உருளுமுன், கட்டையைப் பொறுக்கிக்கொண்டு ஓடிய மச்சான் காய்ந்த தார்ப்பாதையில் அதைச் சக்கரத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.

ஒருவருக்கும் சிராய்ப்புக்கு மேல் ஒன்றுமில்லை. "இவரு சத்தம் போட்டா சும்மாவா இருக்கும்? அதான் திரும்பிப் பாக்கல" என்றாள் மனைவி, அழுகையும் சிரிப்புமாக.

"அலமாக் மாப்ள, இவ்ளோ கொரல வச்சிக்கிட்டா பொண்ணு பாக்க வந்தப்ப 'ம்' மட்டும் சொன்ன?" என்றார் மச்சான்.

இப்போது டிராக்டர்தான் தேரை இழுக்கிறது. தேங்காய்களைக் கோயில் வாசலிலேயே உடைத்துவிடுகிறார்கள். இருந்தாலும் தேர் இறங்கும் நேரத்தில் நானும் மச்சானும் எதிர்மேட்டில் போய் நின்றுகொள்கிறோம். அங்கிருந்து சாமியின் முகம் நேராகத் தெரிகிறது. தேர் எங்களைத் தாண்டியதும் வீடு திரும்புவோம். மச்சான் கதவைத் திறந்து, கால் விரலால் கட்டையை அதன் அடியில் தள்ளிவிட்டு உள்ளே போவார்.