நான் சரியாக வாசித்த எண்

“இந்தப் பிள்ளை வாசிக்கிறதை நம்பியே வந்தனீங்கள்?”

கைவிடப்பட்ட வாகனங்களைக் கொண்டுவந்து குவித்திருந்த வெளியின் வாசலில் மேசை போட்டிருந்த உத்தியோகத்தர், அம்மாவிடம் இப்படித்தான் கேட்டார். சண்டை முடிந்து அடுத்த வருடம். எனக்கு எட்டு வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அதை எல்லோரும் நம்ப வேண்டும் என்று அடம்பிடித்துப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நெடுங்கேணியில் பஸ் ஏறியிருந்தேன்.

சண்டையின் கடைசி மாதங்களில் ஒருநாள், பக்கத்து வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு அப்பா லாண்ட்மாஸ்டரில் போனார். பின்னேரம் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரமும் வரவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில்தான்: “லாண்ட்மாஸ்டரோட போனவர், அதோடயே வருவார்.” இடம்பெயர்ந்த வழியெல்லாம் அதன் பதிவுப் புத்தகத்தை நெஞ்சோடு கட்டிச் சுமந்தார்.

மூன்றாவது வரிசையில், முழங்கால் புல்லுக்குள் ஒரு லாண்ட்மாஸ்டர் நின்றது. இஞ்சினில் பொறித்திருந்த எண்ணை எண்ணெய்த் துணியால் தேய்த்து, புத்தகத்தில் ஒரு விரலும் இரும்பில் ஒரு விரலுமாக ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன்.

“அம்மா! இதுதான்!”

அம்மா ஏற்கெனவே அதன் கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். அப்பாவின் கை கொப்பளிக்காமலிருக்க அம்மா சுற்றிக் கட்டிய சேலைக்கரை நிறம் போய் அதில் அப்படியே இருந்தது.

உத்தியோகத்தர் வந்தார். “உரிமையாளர் எங்க?”

“அவரைக் காணேல்லை, ஐயா.”

“அப்ப மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ. உங்கட பேருக்கு மாத்தித் தரலாம்.”

அம்மாவின் கை கைப்பிடியை விட்டது. என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தார்.

“இது எங்கட இல்லை. பிள்ளை பிழையா வாசிச்சிட்டுது.”

“நான் அப்பவே சொன்னனான் எல்லோ!” என்று அவர் சிரித்தார்.

“இல்லை! சரியாத்தான் வாசிச்சனான்! நீங்களே பாருங்கோ!” என்று நான் கத்தக் கத்த, அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் அழுதழுது அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். “காணும், வாயை மூடு” என்றுவிட்டு அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பின் தெரியாத மனிதர் முன்னால் என் படிப்பை அவமானப்படுத்திவிட்டார் என்று இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அப்பா செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்த லாண்ட்மாஸ்டர் எங்களோடு வரும் என்பதும், அது அங்கே தனியாக நின்றதை அம்மா எப்படிப் பார்த்திருப்பார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இந்த வருடம் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வீட்டுக்கு வந்ததும் மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்த லாண்ட்மாஸ்டரை எந்த இடத்திலிருந்து எடுத்து வந்தார்கள் என்று கேட்டு. அது தெரிந்தால், அப்பாவைத் தேடத் தொடங்க ஓர் இடமாவது கிடைக்கும். எண்ணைப் பார்த்து எழுதப் பதிவுப் புத்தகத்தைத் தேடினேன்.

“புத்தகம் எதுக்கு? நான் சொல்லுறன், எழுது,” என்றார் குசினிக்குள்ளிருந்து அம்மா.

ஓர் இலக்கமும் பிசகாமல் சொன்னார். அன்று பஸ்ஸில் நான் சொன்ன அதே ராகத்தில்.

திங்கட்கிழமை கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் கந்தோரில் தந்த பற்றுச்சீட்டை அம்மா வாங்கி அந்தப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.