அழித்தும் போகாத கல்யாணம்

மெமரி கார்டும் புருஷனும் ஒன்று: "அழிச்சிட்டேன்" என்றால் அழிந்திருக்காது, "பத்திரமா இருக்கு" என்றால் இருக்காது. கொல்லிமலையில் ஸ்டுடியோ வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டு, அடுப்புக்கும் கடைக்கும் நடுவே ஓடுகிறவள் சொல்கிறேன். கடைக்காரர்களைக் கட்டிய சகோதரிகள் தலையாட்டுவீர்கள். நாங்கள் ஃபிலிம் ரோலுக்கு முழுக்குப் போட்டு டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது.

கரண்ட் போச்சு

தேவனூர் நாட்டு (மலையில் ஊர்த் தொகுதியை அப்படித்தான் சொல்வோம்) பாவாயி அக்கா மகளுக்குக் கல்யாணம். மகன் பட்டாளத்தில், லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது தங்கச்சி கல்யாணத்தைப் படத்திலாவது பார்ப்பான் என்பதுதான் அக்காவின் ஒரே ஆறுதல். கல்யாணத்தை நாங்கள் படம் எடுத்து வந்த மறுநாளே மழை, மரம் விழுந்து கரண்ட் போனது. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வழியில்லை. கரண்ட் இல்லாமல் படம் எப்படி நிற்கும் என்று அக்கா கடைக்கே வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் "அதெல்லாம் நிக்கும்" என்பதோடு முடித்துக்கொண்டார். கேமராவோடு வந்த புத்தகத்தைப் படித்தவள் நான்தானே! "கார்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அறைங்க கோடிக்கணக்குல இருக்குக்கா. படம் எடுக்கறப்ப சில அறைக்குள்ள எலக்ட்ரானைத் தள்ளிடும், சிலதைக் காலியா விட்டுடும். எது நிறைஞ்சிருக்கு, எது காலின்னு பார்த்தா அதுதான் படம். சுவர் கெட்டி. கரண்ட் போனாலும் உள்ள போனது வெளிய வராது" என்றேன்.

"அப்ப மாப்பிள்ளைய உள்ள வெச்சுப் பூட்டியாச்சுன்னு சொல்லுங்க!"

அடுப்புப் பரண்

பூட்டியும் நம்பிக்கை வரவில்லை. எங்க ஊட்டுக் கல்யாணம் எங்க ஊட்டுலயே இருக்கட்டும் என்று கார்டை வாங்கிப் போய்விட்டார். கரண்ட் வந்ததும் போய்க் கேட்டால், அடுப்புக்கு மேலே பரணில், கேழ்வரகு விதைப் பானைக்குள்ளிருந்து எடுத்துத் தருகிறார், புகை வாசனையோடு! சூடு பட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கெட்டிச் சுவரும் கசியும் என்று கத்தினேன்.

"விதையே கெடாத எடமுங்க அம்மிணி, கல்யாணம் கெட்டுருமா?"

ஏரிக்கரை

நல்லவேளை, கெடவில்லை. கெடுப்பதற்கு வேறு ஆள் இருந்தார். கார்டைக் கடையில் வைத்துவிட்டு நான் குழம்பு தாளிக்கப் போன நேரம், வாசலூர்பட்டி படகுத்துறையில் சுற்றுலாக்காரர்கள் போட்டோ கேட்கிறார்கள் என்று சேதி வர, அதே கார்டைக் கேமராவில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் என் வீட்டுக்காரர். இடமில்லை என்று கேமரா சொன்னதாம். மொத்தத்தையும் அழித்துவிட்டு, படகில் ஒரு குடும்பத்தைச் சிரிக்கச் சொல்லி எடுத்திருக்கிறார்.

"நீ ஏத்தியிருப்பேன்னு நெனச்சேன்."

மேலே ஏறிய படகு

இனி அந்தக் கேமராவைத் தொட்டால் சோறு கிடையாது என்று பிடுங்கி வைத்தேன். அழித்தால் போவது பட்டியலில் இருக்கும் பெயர்தான். அறைகளில் இருப்பது அப்படியே இருக்கும். புதுப் படம் வரும்போதுதான் ஒரு வரிசை அறைகளை மொத்தமாகக் காலி பண்ணி அங்கே குடியேறும். அழித்த படங்களைத் தேடி மீட்கும் சிடி ஒன்றை நாமக்கல்லிலிருந்து வரவழைத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். பக்கத்தில் பாவாயி அக்கா, முந்தானையைக் கடித்தபடி. தாலி கட்டியது வந்தது. பந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிய படங்கள் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் படகு. மென்று விழுங்கிச் சொன்னேன்.

"மாப்பிள்ளை ஊட்டு ஆளுகதானுங்க? அவுக வந்ததையும் சாப்பாட்டக் கொறை சொன்னதையும் எம்மவன்கிட்ட நானே சொல்லிக்கறேன், உடுங்க!"

கார்டில் அழித்தது, அதன்மேல் வேறொன்று ஏறும்வரை அப்படியே கிடக்கும். அன்று இவரை நான் திட்டியதும் இவர் அடுத்த தப்பைச் செய்யும்வரை அப்படித்தான் கிடந்தது. அதன்மேல் அடுத்த திட்டு ஏற ரொம்ப நாள் ஆகவில்லை.