மலேயாவில் எண்ணப்பட்டவர்

தெருமுனையில் தார் உருக்குகிறார்கள். ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடியும் சாத்தினேன். அந்த வாசனை கதவுக்கெல்லாம் நிற்பதில்லை. மூக்கில் ஏறி, நேரே அறுபத்தொன்றாம் வருஷத்து மாசி மாதத்தில் என்னை இறக்கிவிட்டுப் போகிறது.

அந்த மாசியில் வாத்தியார்களையெல்லாம் ஜனத்தொகைக் கணக்கெடுக்க அனுப்பியிருந்தார்கள். எனக்கு வாய்த்தது உத்திரமேரூர் ஏரிக்கரையோரம், கூலிவேலைக்காரர்கள் குடியிருந்த இரண்டு தெருக்கள். ஒரு கையில் தார் டப்பா, இன்னொரு கையில் தாள் கட்டு. வாசலோரம் சுவரில் வீட்டு எண்ணைத் தாரால் எழுதிவிட்டு, உள்ளே இருக்கும் உயிர்களைத் தாளில் எழுத வேண்டும். எனக்கு இருபத்து மூன்று வயது. உலகத்தில் எதையும் எண்ணிவிடலாம் என்று நம்புகிற வயது.

ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் வாடிய கனகாம்பரம்.

பிறந்த ஊர்? மானாம்பதி. இங்கே வந்து எத்தனை வருஷம்? பதினெட்டு. எழுதினேன். வெளியூரில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர் என்று அந்தத் தாள் அவளை எடுத்துக்கொண்டது. கல்யாணப் புடவையோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கியவள். அதற்கப்புறம் காஞ்சிபுரம்கூடத் தாண்டாதவள்.

"வீட்டுக்காரர்?"

"மலாயால கீறாரு."

பேனா நின்றது. கணக்கு நாளில் இங்கே இருப்பவர்களைத்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். வந்தவரைக் கேட்பதற்கு இடமிருந்தது. போனவரைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. பத்து மைல் பெயர்ந்தவள் தாளில் இருந்தாள். கடலைத் தாண்டியவன் இல்லை.

"அவரை இங்க எழுத முடியாதும்மா."

"இன்னாத்துக்கு? ஆளே இல்லேன்றியா?"

அடுத்த கேள்வி அதைவிட மோசம். கல்யாணமானவரா, விதவையா? நான் கேட்கும் முன்பே பக்கத்து வாசலிலிருந்து அவள் புருஷனின் அண்ணன் இருமிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"பாத்து எழுது வாத்தியாரே. கடுதாசி நின்னு மூணு வருசம் ஆவுது."

முறம் தரையில் விழுந்தது. "மாமா, கூடப் பொறந்தவன உன் வாயாலயே சாவடிச்சிடுவியா?"

அவள் சொன்னபடிதான் எழுத வேண்டும். கல்யாணமானவர் என்றே எழுதினேன். அதோடு எழுந்து போயிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல், "கவலைப்படாதீங்க. அந்த தேசத்துலயும் இப்படித்தான் எண்ணுவாங்க. அங்க எழுதியிருப்பாங்க" என்றேன்.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒன்று கேட்டிருக்கிறார்களாம்: பெண்ணின் தாய் பூவும் பொட்டுமாய் மணவறைப் பக்கம் வருவாளா, இல்லை சமையல் பக்கம் ஒதுங்கி நிற்பாளா?

"அங்க எழுதினாங்கன்னியே, அந்தத் தாள வாங்கிக் குடு. அது போதும். எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறச்சொல்ல நான் பக்கத்துல நிக்கணும்."

பெயரைக் கேட்டேன். புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள் என்பது தெரிந்ததுதானே. மகளை அனுப்பச் சொன்னேன். சாயங்காலம் மகள் வரவில்லை, புருஷனின் அண்ணன் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, சொன்னார்.

முதலில் மலேயாத் தோட்டத்தில் வேலை செய்தவர் அண்ணன்தான். லீவில் ஊருக்கு வந்த இடத்தில் நெஞ்சு நோவு. திரும்பிப் போவதற்கான பெர்மிட் கையில் இருந்தது, உடம்பில் தெம்பில்லை. புதிதாக ஒருவர் போவதற்கு வழியும் அடைபட்டிருந்தது. அண்ணன் தம்பிக்கு ஒரே முகம். அண்ணனின் பெர்மிட்டில், அண்ணனின் பெயரில், தம்பி கப்பலேறினான்.

"அங்க நான்தான் கீறேன். இங்கயும் நீ என்னை எழுதிக்கினு போன. சர்க்காரு கணக்குல நான் ரெண்டு ஆளு. எந்தம்பிதான் எங்கியும் இல்ல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மலேயா சர்க்காருக்குத் தம்பி பெயரைக் கேட்டு எழுதினால், அப்படி ஒருவர் எங்கள் தேசத்துக்குள் வரவேயில்லை என்பார்கள். அண்ணன் பெயரைக் கேட்டால் குட்டு உடைந்து, தம்பி உயிரோடு இருந்தால் மாட்டிக்கொள்வான். ராத்திரியெல்லாம் கிழித்துக் கிழித்து எழுதினேன். கடைசியில் யார் பெயரையும் சொல்லாத கடிதம் ஒன்று போனது: உங்கள் கணக்கெடுப்பில், இந்தியாவில் பிறந்தவர் எத்தனை பேர்?

ஆனி மாதக் கடைசியில் பதில் வந்தது. முத்திரை வைத்த மரியாதையான தாள், ஒரு அட்டவணை. அதில் நீளமான ஓர் எண். இன்று அது நினைவில் இல்லை. அதை அவளுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டியதுதான் நினைவில் இருக்கிறது.

"இதுக்குள்ளதான் கீறாரா?"

"இருக்கலாம்."

"எப்ப எண்ணினது?"

"ஐம்பத்தேழுல."

அவள் விரல் மடக்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பதான் கடுதாசி வந்துக்கினு இருந்திச்சே வாத்தியாரே" என்றாள். எனக்குத் தோன்றாதது அவளுக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது. அந்த எண்ணுக்குள் அவன் நிச்சயம் இருந்தான். அதற்கப்புறம் இருந்தானா என்பதற்கு அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

எடுத்து மடிக்கப் போனேன். தடுத்தாள்.

"மாப்ள வூட்டுக்காரங்க முன்னால இத்த படி. வருசத்த மட்டும் படிக்காத."

படித்தேன். நிச்சயம் பேச வந்தவர்கள் பாயில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு, வருஷத்தை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் படித்தேன். பக்கத்தில் அண்ணன். அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு சொல் போதும். அவர் இருமலை அடக்கிக்கொண்டு, "அதுல ஒண்ணு எங்க வூட்டு ஆளு" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். "இத்தினி பேரா? இதுல நம்ம சம்மந்தி இல்லாமலா பூடுவாரு!"

ஆவணியில் அவள் மகள் பக்கத்தில் நின்றாள், தலைகொள்ளாத பூவோடு. நான் பந்தியில் உட்கார்ந்தேன். இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தேன்.

கார்த்திகையில் எனக்கு மாற்றல் வந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். அட்டவணைத் தாள் அவள் மடியில் நாலாக மடிந்திருந்தது. ஏதாவது எழுதிப் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அங்க அடுத்த தபா எப்ப எண்ணுவாங்க?"

"பத்து வருஷத்துக்கு ஒரு தரம்னு நினைக்கிறேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்ப இன்னும் ஆறு வருசம் கீது. அதுவரிக்கும் எந்தலையில பூ இருக்கட்டும். நீ போய்ட்டு வா வாத்தியாரே."