முருகன் செய்யாத அற்புதம்

எங்கள் லப்டொப்பைக் கொதிக்க வைத்தவள் நான். பழியை இன்னொருவர் தலையில் போட்டவளும் நானே!

கேளுங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் நானும் என் கணவருமாக இருவர். இவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்; பின்னேரங்களில் லப்டொப்பில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார். நான் ஓ.எல் பரீட்சையோடு படிப்பை விட்டவள். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்.

எனக்கு ஒரு பலவீனம்... ஃபோனில் தோட்டம் செய்யும் விளையாட்டு. எழுத்துச் சின்னதாக இருந்ததால், கணினிக்குள்ளேயே ஒரு ஃபோன் ஓடுவதுபோலச் செய்யும் எமுலேட்டரை லப்டொப்பில் இறக்கினேன். என் கத்தரிக்காய்கள் பெரிய திரையில் எவ்வளவு அழகு! இவர் கேட்டால், "பக்திப் பாட்டுக் கேக்கிறன்" என்பேன்.

இவர் பாடம் தொடங்கும்போதும் அதை நான் மூடவில்லை, கண்ணில் படாமல் சுருக்கி மட்டும் வைத்தேன். மூடினால் பயிர் வாடிவிடுமே! அது மறைவில் ஓடி ப்ரொசெசர் முழுவதையும் தின்றது. ஃபேன் இரைந்தது. பாடத்தின் நடுவே திரை உறைந்து நின்றது.

"என்னப்பா இது, ஹெலிகொப்டர் மாதிரிக் கத்துது!"

"பழசாப் போச்சுதாக்கும்" என்றேன்.

தெருமுனையில் கணினி திருத்தும் முஸ்லிம் கடைக்காரரிடம், எல்லாரும் நானா என்று கூப்பிடுபவரிடம், கொடுக்குமுன் எமுலேட்டரை அழித்துவிட்டேன். பாவம், அவர் என்ன கண்டார்? தூசி தட்டி, உள்ளே சூடு தணிக்கும் பசையை மாற்றித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் திரும்ப இறக்கினேன். மறுநாள் அதே இரைச்சல்!

"நானா ஏதோ பழைய சாமானைப் போட்டிட்டார் போல" என்றேன். ஏன் சொன்னேன்? இன்றும் தெரியவில்லை. கோயிலில் பூசைக்கு நின்ற நான்கு பெண்களிடமும் அதையே சொன்னேன். ஒருத்தி, தன் மகளின் கணினியை அவர் கடையிலிருந்து திருப்பி எடுத்துவந்தாள்.

இவரோ, லப்டொப் சரியாகவேண்டுமென்று ஜிந்துப்பிட்டி முருகனுக்குப் பாலபிஷேகம் நேர்ந்தார். எனக்குப் பயம் பிடித்தது! இவர் குளிக்கப் போன நேரம், அரைகுறை இங்கிலீசோடு எமுலேட்டரின் செட்டிங்ஸைத் திறந்தேன். ப்ரொசெசரின் நான்கு கோரும், அதாவது வேலை செய்யும் நான்கு பகுதிகளும், அதற்கே போய்க்கொண்டிருந்தன. இரண்டாகக் குறைத்தேன். வினாடிக்கு அறுபது படம் காட்டியதை முப்பதாக்கினேன். பாடத்துக்கு முன் முழுதாக மூடவும் பழகினேன். ஃபேன் அடங்கிற்று... முருகா, அந்த அமைதி!

நேர்த்தி நிறைவேறியது. அபிஷேகம் நடக்கும்போதே இவர் அந்தப் பெண்களிடம், "நானாவுக்கு ஏலாததை முருகன் செய்திட்டான்!" என்றார்.

நான் கைகூப்பியபடி "ஓம், அவன்தான்" என்றேன். சந்நிதியில் நின்று!

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, பக்திப் பாட்டு?"

"கத்தரித் தோட்டம்."

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நானாட்டச் சொன்னீரோ?" என்றார்.

நேற்றுப் போனேன். நானா முழுதும் கேட்டார்.

"எத்தன கோர் குடுத்தீங்க அக்கா?"

"நாலும்."

"அப்ப கத்தாம என்ன செய்யும்!"

மன்னிப்புக் கேட்டேன். ஸ்குருட்றைவரைக் கீழே வைத்தார். "எனக்கிட்டச் செல்லி என்ன? கேட்ட ஆக்கள்கிட்டப் போய்ச் செல்லுங்க."

போனேன். நான்கு பேரிடமும் சொல்லிவிட்டேன். வெட்கம்தான்... ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது, மறைக்கமாட்டேன். நேற்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் நான்காமவள், "ஐயோ, நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன்!" என்றாள். யார் யாரென்று அவளுக்கே நினைவில்லை.

அவர்களில் ஒருவர் நீங்களோ... எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நானா பழைய சாமான் எதுவும் போடவில்லை.

இன்று காலை அந்தக் கடையைக் கடந்து போனேன். அவர் தலையசைத்தார். மேசையில் திருத்த வந்த லப்டொப் ஒன்றுகூட இல்லை.